ஒன்றரைச் சாண் பிறந்த கதை

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடும் நாளில் எல்லோர் கண்ணும் நம்பெருமாள் மீதும் வடத்தின் மீதுமே இருக்கும். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே ஓடிவரும் நாலைந்து பேரை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அவர்கள் கையில் ஆப்பு போலச் செதுக்கிய மரக்கட்டை இருக்கும். தேர் கொஞ்சம் வேகமெடுத்தாலும், வீதி முனையில் திரும்ப வேண்டியிருந்தாலும், கட்டையைச் சக்கரத்தின் வாயில் கொடுப்பார்கள். கொடுக்கும் நேரம் ஒரு கணம் தப்பினால் கட்டை நொறுங்கும். இரண்டு கணம் தப்பினால் விரல் மிஞ்சாது. முட்டுக்கட்டை என்பது ஊர்ப்பேச்சில் காரியத்தைக் கெடுப்பவனுக்கு வைத்த பெயர். தேரோடும் வீதியிலோ அந்தக் கட்டையை நம்பித்தான் இத்தனை தலைமுறையும் வடம் பிடித்தது. இழுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். நிறுத்துவதற்குத்தான் யாராவது ஒருவர் சக்கரத்தின் அருகே போயாக வேண்டியிருந்தது. அருகே போகாமலே, இருந்த இடத்திலிருந்தே ஓடும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு வழி பிறந்தது. அதன் முதல் முடிச்சைப் போட்டவருக்கும் சக்கரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் ஓர் ஓவியர்.

ஆம்ஸ்டர்டாம் நகரத்து யான் வான் டெர் ஹைடன் செங்கல் செங்கலாக எண்ணி வரைகிறவர் என்று பெயரெடுத்தவர். அவர் வரைந்த ஊர் அடிக்கடி தீப்பிடித்து எரிந்தது. வரிசையாக நின்று வாளி மாற்றித் தண்ணீர் ஊற்றுவதற்குள் கூரை இறங்கிவிடும். 1670-களில் அவரும் சகோதரர் நிக்கோலாஸும் தோலை நீளமாகத் தைத்துக் குழாயாக்கினார்கள். இரும்புக் குழாய் போக முடியாத இடத்துக்கும், சந்துக்குள் வளைந்து, மாடிப்படி ஏறி, நெருப்பின் அடிவயிற்றுக்கே தண்ணீர் போயிற்று. நம் பக்கத்துக் கமலைச் சாலின் அடியிலும் ஒரு தோல் வால் தொங்கியதுண்டு. மாடு முன்னும் பின்னும் நடக்க, கிணற்றிலிருந்து ஏறிவந்த தண்ணீரை வாய்க்காலில் கொட்டும் வால் அது. வளையும் குழாய்க்கு உலகம் முழுக்க முதல் மூலப்பொருள் தோல்தான் போலிருக்கிறது. ஆனால் ஓவியரின் குழாயில் ஒரு கோளாறு இருந்தது. தைத்த இடமெல்லாம் ஒழுகியது.

இந்த ஒழுகல்தான் இந்தக் கதையின் வில்லன். அடுத்த முந்நூறு வருஷத்துக்கு இவன் மேடையை விட்டு இறங்கவே மாட்டான்.

ஓவியர் குழாய் தைப்பதற்கு முன்பே, பிரான்சில் பிளேஸ் பாஸ்கல் ஒரு விசித்திரத்தைக் கண்டு எழுதி வைத்திருந்தார். மூடிய பாத்திரத்தில் நிரம்பியிருக்கும் நீரை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பாயும். குறுகிய வாயில் ஒருவன் அழுத்தினால், நூறு மடங்கு பரப்புள்ள மறுவாயில் நூறு பேர் அழுத்திய பலம் கிளம்பும். நெம்புகோல் இல்லை, கயிறு இல்லை, பல்சக்கரம் இல்லை, வெறும் தண்ணீர். பாஸ்கல் 1662-இல், 39 வயதில் இறந்துபோனார். மறுவருஷம்தான் நூல் அச்சேறியது. அதற்குப் பின் 130 வருஷம் அந்தத் தத்துவம் காகிதத்திலேயே தூங்கியது. காரணம் அறிவுப் பஞ்சம் அல்ல. அழுத்தம் கூடக்கூடத் தண்ணீர் இடுக்கைத் தேடி வெளியே பீச்சியது.

1795-இல் லண்டனில் ஜோசப் பிராமா நீரழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பூட்டு செய்வதில் பேர்போன மனிதர். கள்ளனுக்குத் திறக்காத பூட்டு செய்தவரால் தண்ணீரை உள்ளே பூட்ட முடியவில்லை. உருளைக்குள் தண்டை இறுக்கமாகப் பொருத்தினால் தண்டு நகர மறுத்தது. கொஞ்சம் தளர்த்தினால் தண்ணீர் வழிந்தது. அவர் பட்டறையில் ஹென்றி மாட்ஸ்லே என்று ஓர் இளைஞன் வேலை பார்த்தான். விளிம்பு மடிந்த கிண்ணம் போல ஒரு தோல் வளையத்தைச் செய்து இடுக்கில் வைத்தவன் அவன்தான் என்று தொழில் உலகம் இன்றும் சொல்கிறது. தண்ணீர் அழுத்தும்போது அந்தக் கிண்ணத்தின் விளிம்பு தானே விரிந்து சுவரோடு ஒட்டியது. அழுத்தம் ஏறினால் பிடியும் ஏறியது. உடைக்க வந்தவனையே காவலுக்கு வைத்த தந்திரம் அது. வாரம் 30 ஷில்லிங் கூலி வாங்கிய மாட்ஸ்லே கொஞ்சம் கூட்டிக் கேட்டான். பிராமா தர மறுத்தார். 1797-இல் மாட்ஸ்லே வெளியேறித் தனிப்பட்டறை போட்டு, முதலாளியை மிஞ்சிய பெயரெடுத்தான். அவன் விட்டுச்சென்ற தோல் கிண்ணம் மட்டும் ஒரு வாரிசுக்காகக் காத்திருந்தது.

வாரிசு மரத்திலிருந்து வந்தது. ரப்பர் பால் அமெரிக்காவுக்கு வந்தபோது ஊரே அதன்மேல் பணத்தைக் கொட்டியது. ஒரு கோடையில் கொட்டிய பணம் அத்தனையும் பிசினாக உருகியது. குளிரில் ரப்பர் ஓடு போல வெடித்தது. வெயிலில் நாறிக் குழைந்தது. சார்லஸ் குட்இயர் என்ற கடனாளி மட்டும் விடவில்லை. வீட்டுச் சாமான்களை விற்றார். கடனுக்காகச் சிறைக்கும் போய் வந்தார். 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பில் தவறிப்போய்ப் பட்டது. உருகியிருக்க வேண்டிய ரப்பர் தோல் போலக் கருகி நின்றது. இழுத்தால் நீண்டது, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பியது. குட்இயர் 1860-இல் இறந்தபோது கடன் சுமார் இரண்டு லட்சம் டாலர். அவர் அடுப்பில் பிறந்ததோ, வெயிலிலும் குளிரிலும் உருகாமல் உடையாமல் வளையக்கூடிய பொருள். அதைக் குழாயாக்கி நம்பி உயிரை ஒப்படைத்தவர்கள் ரயில்காரர்கள்.

அதுவரை ரயிலை நிறுத்துவதும் தேரை நிறுத்துவது போலத்தான் நடந்தது. எஞ்சின் ஊதல் கொடுத்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் ஆள் ஓடிப்போய்ச் சக்கரம் சுற்றிப் பிரேக்கை இறுக்குவான். 1869-இல் 22 வயது ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், அழுத்திய காற்றைக் குழாய் வழியே அனுப்பி எல்லாப் பெட்டியையும் எஞ்சினிலிருந்தே நிறுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இரும்புக் குழாய் வைக்க முடியாது; முதல் வளைவிலேயே ஒடிந்துவிடும். அங்கே வளையும் குழாய்தான் தொங்கியாக வேண்டும். இந்தியாவின் ரயில்கள் அழுத்தத்துக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பிரேக்கைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. ஆனால் தொங்கும் குழாய்க்கு அங்கும் வேலை இருந்தது. தென்னிந்திய ரயில்வே தன் பட்டறையை நாகப்பட்டினத்திலிருந்து 1920-களின் கடைசியில் திருச்சி பொன்மலைக்கு மாற்றியபோது, கொல்லுலையோடும் கொதிகலனோடும் கூட அந்தக் கறுப்புக் குழாய்களும் வந்து சேர்ந்தன. அந்த வெற்றிடப் பிரேக் ரயில்களில் அபாயச் சங்கிலியை இழுத்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டதே, அது வெளிக்காற்று குழாய்க்குள் பாய்ந்து பிரேக் பிடித்த சத்தம். ரயிலுக்குத் தண்டவாளம் இருந்தது. ஒரு சக்கரம் முந்திப் பிடித்தாலும் தடம் மாறாது. தண்டவாளமே இல்லாமல் ஓடிய ஒரு புது வண்டிக்குத்தான் நிறுத்துவது உயிர்ப் பிரச்சினை ஆயிற்று.

மோட்டார் கார் பிறந்து வெகுகாலம் வரை அதன் பிரேக், கம்பியும் வடமும் நெம்புகோலும்தான். பல கார்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் இருந்தது. நாலு சக்கரத்துக்கும் வைத்துப் பார்த்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். நாலு கம்பியும் ஒரே அளவில் இழுபட வேண்டும். ஒன்று நூல் அளவு நீண்டுவிட்டால் ஒரு பக்கம் முந்திப் பிடித்து, வண்டி பம்பரம் போலச் சுற்றியது. காலையில் திருகி நேராக்கியது மாலையில் கோணியது. மழையில் துரு, வெயிலில் தூசி. கலிபோர்னியாவில் இந்தக் கம்பிகளோடு மல்லுக்கட்டிய ஒரு மெக்கானிக்குக்குக் கனவெல்லாம் வானத்தில் இருந்தது.

மால்கம் லாக்ஹீட் என்று உச்சரிக்க வேண்டிய பெயர் அது. ஆனால் ஸ்காட்லாந்து வழக்கப்படி எழுதிய அந்தப் பெயரை அமெரிக்கர்கள் எழுத்துக்கூட்டி லாக்ஹெட், அதாவது கட்டைத்தலை என்று படித்தார்கள். மால்கமும் தம்பி ஆலனும் ஒரு டாக்சி நிறுவனத்தின் பணத்தில் நீர்விமானம் ஒன்றைக் கட்டி 1913-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு மேல் பறக்கவிட்டார்கள். 1915-இல் அந்த ஊரில் நடந்த பெரிய பொருட்காட்சியில் தலைக்கு 10 டாலர் வாங்கிக்கொண்டு ஜனங்களை ஏற்றிப் பறந்தார்கள். 1916-இல் சாண்டா பார்பராவில் விமானக் கம்பெனி தொடங்கியது. உலகப்போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக் கட்டிய விமானங்கள் அடிமாட்டு விலைக்குச் சந்தைக்கு வந்தன. புது விமானம் வாங்க யாருமில்லை. 1919-இல் மால்கம் தம்பியைக் கம்பெனியோடு விட்டுவிட்டு டெட்ராய்ட்டுக்கு ரயிலேறினார். பையில் ஒரு காப்புரிமைத் திட்டம் இருந்தது. கம்பியையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, மிதிக்கும் இடத்திலிருந்து நாலு சக்கரத்துக்கும் திரவத்தை அனுப்புவது. பாஸ்கல் சொன்னபடி எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம், திருகவே வேண்டாம். அவருக்கு முன்பே சிலர் இதை முயன்று தோற்றிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் சரியாக வரும்படி பெயரின் எழுத்துகளை மாற்றி, லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக் கம்பெனி என்று பலகை மாட்டினார். வாங்க ஆள் வந்ததா என்றால், அதற்குள் ஒரு பந்தயம் குறுக்கிட்டது.

1921 ஜூலை 25. பிரான்சின் லெ மான் நகரில் கிராண்ட் ப்ரீ. அமெரிக்காவின் டூசன்பெர்க் சகோதரர்கள் நாலு சக்கரத்துக்கும் திரவப் பிரேக் வைத்த கார்களைக் கப்பலேற்றியிருந்தார்கள். ஓட்டுநர் ஜிம்மி மர்ஃபி ஒத்திகையிலேயே வண்டியைக் கவிழ்த்து விலா எலும்பை முறித்துக்கொண்டார். பந்தயத்தன்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து, மார்பில் கட்டோடு காரில் ஏறினார். பாதையெங்கும் ஜல்லி பெயர்ந்து கிடந்தது. முன்னே போகும் வண்டி எறிகிற கல் பின்னால் வருகிறவன் முகத்தில் அடித்தது. ஐரோப்பியர்கள் வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைத் தணித்தபோது, மர்ஃபி வளைவின் வாசல் வரை பாய்ந்து வந்து அங்கே மிதித்தார். வண்டி நேராக நின்றது. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டத்தின் கடைசியில் ரேடியேட்டர் ஓட்டையாகி, டயர் பஞ்சராகி, அப்படியே முதலாவதாக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு டூசன்பெர்க் அந்தப் பிரேக்கோடு ஊர்க்காரர்களுக்கும் கார் விற்கத் தொடங்கியது. ஆனால் முன்சக்கரம் திரும்புகிற சக்கரம். அசையாத அச்சிலிருந்து அசைகிற சக்கரத்துக்குத் திரவத்தை எப்படிக் கொண்டுபோவது? டூசன்பெர்க்கின் பொறியாளர்கள் அச்சையே பொள்ளலாக்கி, சக்கரம் திரும்பும் ஆணியிலும் துளையிட்டு, அதற்குள்ளேயே நீரும் கிளிசரினும் கலந்த திரவத்தை ஓடவிட்டார்கள். பார்க்க அழகான வேலை. திரும்பும் மூட்டு தேயத் தேயப் பழைய வில்லன் அங்கே எட்டிப் பார்த்தான்.

மால்கமின் வழி எளிமையானது. சட்டத்தில் உலோகக் குழாய். சக்கரத்தின் பக்கம் வந்ததும் வளையும் குழாய். ஓவியரின் தீயணைப்புக் குழாய்க்கும் பொன்மலையில் தொங்கிய குழாய்க்கும் தம்பி. ஆனால் சிலிண்டருக்குள் அவர் வைத்திருந்தது இன்னும் மாட்ஸ்லே காலத்துத் தோல் கிண்ணம். பதப்படுத்தாத தோல் சுருங்கியது, காய்ந்தது, ஒழுகியது. அப்போது வால்டர் கிரைஸ்லர் தன் பெயரில் முதல் காரைக் கொண்டுவரத் துடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பொறியாளர்களான ஸீடர், ஸ்கெல்டன், பிரீர் மூவரும் மால்கமின் பிரேக்கைப் பிரித்துப்போட்டு ஆராய்ந்தார்கள். தோலை எடுத்துவிட்டு ரப்பர் கிண்ணத்தை வைத்தார்கள். அதே மடிந்த விளிம்பு, அதே தந்திரம், பொருள் மட்டும் குட்இயருடையது. 1924 ஜனவரியில் நியூயார்க் கார் கண்காட்சி நடந்தது. இன்னும் விற்பனைக்கே வராத காருக்கு அங்கே இடம் இல்லை என்றார்கள். கிரைஸ்லர் பக்கத்திலிருந்த கமோடோர் ஹோட்டலின் முன்கூடத்தையே பிடித்து வண்டியை நிறுத்தினார். வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் தங்கிய இடம் அது. முதல் ஆண்டில் சுமார் 32,000 கார்கள் விற்றன. சாதாரணக் குடும்பஸ்தனின் காலடிக்குத் திரவப் பிரேக் வந்தது. வந்த கையோடு, அதற்குள் ஊற்றும் எண்ணெயில் ஒரு சிக்கலும் முளைத்தது.

தண்ணீர் உறைந்தது, துருவைக் கொடுத்தது. எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் உப்பியது. கிண்ணம் ஊறிப் பூரித்துச் சிலிண்டரில் மாட்டிக்கொண்டது. ரப்பரைத் தொடாத, வழவழப்பான, குளிரில் கட்டிப்போகாத திரவம் வேண்டும். ஒழுகலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியவர்களுக்கு, கடைசியில் விளக்கெண்ணெயே கைகொடுத்தது. ஆமணக்கு எண்ணெயில் ஆல்கஹாலைக் கலந்தால் இயற்கை ரப்பர் உப்பவில்லை. நம் ஊரில் ஆளைத் திட்டுவதற்கும் குழந்தைக்கு வயிறு கழுவுவதற்கும் ஆகிவந்த சரக்கு, டெட்ராய்ட்டில் பிரேக் ஆயில் ஆனது. பல பத்தாண்டுகள் கழித்தே கிளைகால் வகைத் திரவங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. குழாய்க்கும் ஒரு நல்ல காலம் பிறந்தது. 1922-இல் டெட்ராய்ட்டில் ஹாரி பண்டி என்பவர் குழாய்க் கம்பெனி தொடங்கினார். செம்பு பூசிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, உலையில் செம்பை உருகவிட்டு ஒட்டவைத்த மெல்லிய குழாய்கள் அங்கிருந்து வந்தன. எரிபொருள் கொண்டுபோகப் பிறந்தது, பிரேக் லைன் ஆகிப் பெயர் பெற்றது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஒரே ஒரு பெரிய மனிதர் வழிமறித்தார்.

ஹென்றி ஃபோர்டு திரவத்தை நம்பவில்லை. மிதியிலிருந்து சக்கரம் வரை எஃகு என்று பெருமையாக விளம்பரம் செய்தார். அவர் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கம்பி அறுந்தால் ஒரு சக்கரம்தான் போகும். குழாய் வெடித்தால் அந்தக் காலத்துக் காரில் நாலும் போகும். பிளிமத் வைத்தது, 1936-இல் செவர்லே வைத்தது, கிழவர் அசையவில்லை. 1939 மாடல் காரில்தான் ஃபோர்டு இறங்கி வந்தார். மால்கம் அதற்கு முன்பே 1932-இல் கம்பெனியைப் பெண்டிக்ஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஒதுங்கியிருந்தார். தம்பி பிறகு புதிதாகத் தொடங்கிய விமானக் கம்பெனியும் அண்ணனின் பிரேக் பலகையில் இருந்த அதே எழுத்துகளையே பெயருக்கு எடுத்துக்கொண்டது. இன்று லாக்ஹீட் என்றால் உலகம் விமானத்தைத்தான் நினைக்கிறது. இங்கிலாந்திலோ வேறொரு பெயர் திருச்சிக்கு வரத் தயாராகிக்கொண்டிருந்தது.

1925-இல் ஆல்பர்ட் கர்லிங் என்ற ஆங்கிலேயர் பிரேக் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். அது கம்பிப் பிரேக். திரவத்துக்கு நேர் எதிரி. சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் ஓர் ஆப்பு நுழைந்து, அதை உரசிப் பிடிக்கும் இரண்டு ஷூவையும் விரித்துத் தள்ளும். முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்குள்ளேயே ஒளித்துவைத்த மாதிரி. நல்ல பிரேக்தான். ஆனாலும் காலம் திரவத்தின் பக்கம் சாய்ந்தது. கர்லிங் என்ற பெயர் லூகாஸ் குழுமத்தின் கைக்குப் போய், ஹைட்ராலிக் பிரேக்கின் பெயராக மாறிவிட்டது. இங்கே 1911-இல் மோட்டார் போக்குவரத்தில் இறங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் தென்னாட்டுச் சாலைகளில் வேர்விட்டிருந்தது. திருச்சியில் ஒரு பேட்டைக்கே டிவிஎஸ் டோல்கேட் என்று பெயர் நிலைத்தது. 1962-இல் அந்தக் குழுமமும் லூகாஸும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா என்ற ஆலையை நிறுவின. டிவிஎஸ் கர்லிங் என்று அச்சிட்ட பிரேக் ஆயில் டப்பா திருச்சிக் கடைகளின் அலமாரியில் ஏறியது. கம்பியே மேல் என்று பிறந்த பெயர், எண்ணெய் டப்பாவில் வந்து உட்கார்ந்ததை யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை. நானும் அந்த டப்பாவை முதன்முதலில் பார்த்தபோது வேறொரு கவலையில் இருந்தேன்.

அது பெரியப்பாவின் அம்பாசடர். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலம் முழுக்க மிதித்து மிதித்துத்தான் வர வேண்டியிருந்தது. மாம்பழச்சாலையில் இறங்கும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தது. காலை எடுத்த பிறகும் யாரோ பின்னாலிருந்து பிடித்து வைத்திருப்பது போல நகர மறுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் இடச்சக்கரத்திலிருந்து கருகல் வாடை. பெரியப்பா டிரம்மைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். எங்கும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஒழுகாத பிரேக்குக்கு என்ன கேடு?

தெற்குச் சித்திரை வீதிப் பக்கம் வேப்பமரத்தடிப் பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மையும் சட்டத்தையும் இணைத்த கறுப்புக் குழாயை விரலால் நெருடினார். ஒன்றரைச் சாண் நீளம். மேலே பளபளவென்று புதுசு போல இருந்தது. கழற்றி, பிளேடால் குறுக்கே வெட்டி எங்கள் முன் நீட்டினார். நடுவில் மூன்று மில்லிமீட்டர் துளை இருக்க வேண்டிய இடத்தில் ஊசி முனை அளவு இருள். உள்சுவர் ரப்பர் உப்பி, உரிந்து, நாக்கு போலத் தொங்கியது. "காலால மிதிக்கிற பலத்துக்கு ஆயில் உள்ள போயிடும் சார். திரும்பி வர்றதுக்கு ஸ்பிரிங் மட்டும்தானே? அதால முடியல," என்றார். முந்நூறு வருஷம் ஒழுகாதிருக்கப் பாடுபட்ட குழாய், இந்த முறை வாயைத் திறக்கவே மறுத்துவிட்டது. எத்தனை வருஷமாயிற்று மாற்றி என்று கேட்டார். பெரியப்பா மரத்தைப் பார்த்தார்.

ஒன்றை மட்டும் மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. முன்னால் இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று, மூன்று ஹோஸும் மாறின. பின் அச்சோரமாகப் போன எஃகு லைன் துருவேறிப் பொரிந்திருந்தது. அதையும் கழற்றி, பழைய வளைவையே பார்த்துப் பார்த்துப் புதுக் குழாயைக் கையால் வளைத்தார். முனையில் நட்டைக் கோத்த பிறகுதான் வாயை விரிக்க வேண்டும். அவரே ஒரு முனையில் நட்டை மறந்து விரித்துவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டு அறுத்து மறுபடி விரித்தார். செம்பு வாஷர் ஒவ்வொன்றும் புதுசு. பழையது ஒருமுறை நசுங்கினால் மறுபடி அடைக்காதாம். வெட்டிய துண்டில் ரப்பருக்கு நடுவே நூல் பின்னல் இரண்டு அடுக்காகத் தெரிந்தது. ஓவியர் தைத்த தையல் மறைந்து பின்னலாகியிருந்தது. அந்தப் பின்னல்தான் குழாயைப் பலூன் மாதிரி உப்பவிடாமல் பிடிக்கிறது. அமெரிக்க விதிப்படி இப்படியொரு குழாயை 35 மணி நேரம் விடாமல் சுழற்றி ஆட்டி, சதுர அங்குலத்துக்கு 4,000 பவுண்டு அழுத்தமும் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அதே நாட்டில் 1960-களின் பிற்பகுதியில் ஒரு குழாய் போனாலும் இரண்டு சக்கரமாவது பிடிக்கும்படி லைனை இரண்டாகப் பிரித்ததில், ஃபோர்டின் பயம் பாதி தீர்ந்தது. பெரியப்பாவின் அம்பாசடருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எல்லாம் ஒரே லைன். கடைசியில் மிச்சமிருந்தது காற்று எடுப்பது. அதற்கு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மிதி... மிதி... மிதி. அப்படியே பிடிச்சுக்கோ. நான் சொல்றவரைக்கும் விடாதே." கீழே நிப்பிளைத் திறந்தார். கால் தானே தரையை நோக்கிப் போயிற்று. பாட்டிலில் குமிழ் குமிழாக வந்தது. திருகை மூடிவிட்டு "இப்ப விடு" என்றார். எண்ணெய் அழுத்தத்துக்கு நசுங்காது, காற்று நசுங்கும். ஒரு குமிழ் உள்ளே இருந்தால் மிதிக்கிற பலமெல்லாம் அதை நசுக்குவதிலேயே போய்விடும். நாலு சக்கரத்துக்கும், தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி வரிசையாக. இருபது முப்பது தடவை மிதித்த பிறகு குமிழ் நின்றது. பெடல் பாதியில் கல் மாதிரி நின்றது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு மிதிக்கச் சொன்னார், நின்றது. விடச் சொன்னார், சுற்றியது. அந்த டிவிஎஸ் கர்லிங் டப்பாவை இறுக மூடி வைத்தார். மூடாமல் வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடுமாம். அது உண்மைதான். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்தபின் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவியும் காற்றைப் போலவே நசுங்கும். வண்டி வீதி திரும்பியபோது நிலையில் தேர் நின்றிருந்தது. அந்த ஒன்றரைச் சாண் குழாய்க்கும் தேருக்கும் ஏதாவது உறவு இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உறவு திருவெறும்பூரில் இருந்தது. 1965-இல் வந்த திருச்சி பெல் ஆலை, மின்நிலையங்களுக்கு உயர் அழுத்தக் கொதிகலன் செய்யும் இடம். குழாயில் ஒழுகல் இல்லாமல் அழுத்தத்தைப் பூட்டுவதே அங்கே பிழைப்பு. கோயில் தேர்களின் மரச்சக்கரங்கள் இற்றுப்போனபோது இரும்புச் சக்கரமும் அச்சும் கேட்டு ஊர் ஊராக அங்கேதான் வந்தார்கள். திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து நிற்கும்போது 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அதற்கு இரும்புச் சக்கரமும் அச்சும் திருச்சி பெல்லில் பிறந்தன. கூடவே ஹைட்ராலிக் பிரேக்கும். பெரியப்பாவின் அம்பாசடரில் என் கால் மிதித்த அதே தத்துவம், தியாகராஜரின் தேரைப் பிடித்து நிறுத்தத் தொடங்கியது.

ஆனாலும் திருவாரூர் வீதி முனைகளில் ஆழித்தேர் திரும்பும்போது, சக்கரத்தின் ஓரத்தில் குனிந்து ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறுத்துவதற்குப் பிரேக் இருக்கிறது. திருப்புவதற்கு இன்றுவரை முட்டுக்கட்டைதான்.